ஏழு நிமிடச் சாப்பாடு இருபது நிமிடம் ஆனது: நான்கு மாத சாப்ஸ்டிக் அனுபவம்

நான் வேகமாகச் சாப்பிடுகிற ஆள். எவ்வளவு வேகம் என்பது ஒருநாள் கைபேசியில் நேரம் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மதியச் சாப்பாடு மொத்தமும் ஏழு நிமிடத்தில் முடிந்திருந்தது. தட்டு காலியான பிறகும் இன்னும் கொஞ்சம் வேண்டும்போல இருக்கும், மறுபடி போட்டுக்கொள்வேன், அதையும் முடித்து எழுந்து பத்து நிமிடம் கழித்து வயிறு கல் மாதிரி கனக்கும். இது வருடக்கணக்காக நடந்தது, எடையும் அதற்கேற்ப ஏறியது.

மெதுவாகச் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொன்னார், வீட்டிலும் சொன்னார்கள். எப்படி என்றுதான் யாரும் சொல்லவில்லை. முதல் நாலு வாய் ஞாபகத்தோடு மெதுவாகப் போகும், ஐந்தாவது வாயில் யாராவது பேச்சுக் கொடுத்தால் போதும், கரண்டி தன் பழைய வேகத்துக்குப் போய்விடும். மனசால் செய்ய முடியாததைக் கை செய்யுமா என்று பார்க்கத்தான் சாப்ஸ்டிக் வாங்கினேன், சீனா, ஜப்பான், கொரியாவில் உணவை இடுக்கி எடுத்துச் சாப்பிடும் இரட்டைக் குச்சி. நான்கு மாதம் ஆகிறது. இதே யோசனையில் இருப்பவர்களுக்காக, எது வேலை செய்தது, எது செய்யவில்லை, எந்தக் குச்சியை வாங்கலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் மெதுவாகச் சாப்பிடுவதால் உண்மையிலேயே என்ன ஆகிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் அது தெரியாமல் குச்சியைக் கையில் எடுத்தால் இரண்டே நாளில் சலித்துவிடும். வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்கு உடனே போய்ச் சேருவதில்லை. வயிறு விரிவதை நரம்பு சொல்கிறது, உணவு குடலுக்குள் இறங்க இறங்க அங்கிருந்து ஜிஎல்பி-1, பிஒய்ஒய் போன்ற ஹார்மோன்கள் சுரந்து போதும் என்று சொல்கின்றன, இதெல்லாம் சேர்ந்து உறைப்பதற்குப் பொதுவாக இருபது நிமிடம் என்று சொல்வார்கள். நான் ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டு இன்னும் பசிக்கிறது என்று நினைத்ததில் ஆச்சரியமே இல்லை, செய்தி இன்னும் வழியில் இருந்தது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் 17 ஆண்களுக்கு ஒரே அளவு ஐஸ்கிரீமை ஒருமுறை ஐந்து நிமிடத்திலும் இன்னொரு முறை முப்பது நிமிடத்திலும் சாப்பிடக் கொடுத்தார்கள். மெதுவாகச் சாப்பிட்ட அன்று அந்த இரண்டு ஹார்மோன்களும் அதிகமாகச் சுரந்திருந்தன. அதற்கு முன்பு 2008-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் 30 பெண்களை வைத்துச் செய்ததில், வேகமாகச் சாப்பிட்ட வேளையில் சுமார் 646 கலோரி, மெதுவாகச் சாப்பிட்ட வேளையில் சுமார் 579 கலோரி. ஒரு வேளைக்கு 67 கலோரி பெரிதாகத் தெரியாது. ஆனால் பட்டினி கிடக்காமல், எதையும் விலக்காமல், வெறும் நேரத்தால் மட்டும் குறைந்தது என்பதுதான் என்னை உட்கார வைத்தது.

சாப்ஸ்டிக்கையே வைத்தும் ஆய்வு இருக்கிறது. சிங்கப்பூரில் செய்து 2015-இல் வெளியானது. ஆரோக்கியமான சிலருக்கு ஒரே வெள்ளைச் சோற்றைக் கரண்டியாலும் சாப்ஸ்டிக்காலும் கையாலும் சாப்பிடச் சொல்லி இரத்தச் சர்க்கரையை அளந்தார்கள். கரண்டியால் சாப்பிட்டபோது கிளைசெமிக் இண்டெக்ஸ், அதாவது உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் எண், 81, சாப்ஸ்டிக்கால் சாப்பிட்டபோது 68. அதே அரிசி, அதே அளவு. கலந்துகொண்டவர்கள் 11 பேர்தான், அதனால் இதை வைத்து மருந்தைக் குறைப்பதோ மாற்றுவதோ வேண்டவே வேண்டாம், ஆனாலும் வாய்க்குள் போகும் வேகம் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான படம் நான் பார்க்கவில்லை.

சரி, பொருளுக்கு வருகிறேன். நான் மூன்று ஜோடி பயன்படுத்தினேன்.

முதலில் வாங்கியது அரக்குப் பூச்சு போட்ட மரக்குச்சி, ஜப்பானிய வகை, சுமார் 23 செ.மீ., நுனி கூர்மையாக இருக்கும். பார்க்க மிக அழகு. கையில் இலேசாக உட்காரும், கூர்மையான நுனியால் சின்னத் துண்டைக்கூட எடுக்கலாம். ஆனால் வழவழப்பு. புதிதாகப் பழகுகிறவருக்கு அந்த வழவழப்பு எதிரி, வேகவைத்த காய் நழுவிக்கொண்டே இருக்கும். அது கூடப் பரவாயில்லை, ஆறாவது வாரத்தில் நுனியில் பூச்சு உரிய ஆரம்பித்தது. உரிந்த பூச்சு எங்கே போயிருக்கும் என்று யோசித்தால் சாப்பாட்டோடு வயிற்றுக்குள்தான். விற்ற கடைக்கு எழுதினேன், தண்ணீரில் ஊறவைத்திருப்பீர்கள் என்று பதில் வந்தது. நான் ஊறவைக்கவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அரக்குப் பூச்சு வாங்குவதாக இருந்தால் நுனியில் சின்னச் சின்ன வரிப்பள்ளம் இருக்கிறதா, பூச்சு நகத்தால் சுரண்டினால் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள், மலிவானதில் ஏமாற வேண்டாம்.

இரண்டாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கொரிய வகை, தட்டையாக இருக்கும். சுத்தம் என்று பார்த்தால் இதுதான் முதலிடம், பூஞ்சை பிடிக்காது, கொதிக்கிற நீரில் போடலாம், ஆயுசுக்கும் வரும். ஆனால் கனம். அதுவும் தட்டையாக இருப்பதால் விரல்களுக்கு நடுவில் சுழலாமல் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது, பத்து நிமிடத்தில் கட்டைவிரல் அடியில் வலி வந்துவிடும். கொரியாவில் சோற்றையும் சூப்பையும் கரண்டியால்தான் சாப்பிடுவார்கள், குச்சி தொடுகறிகளுக்கு, அதனால் அங்கே இந்தக் கனம் சிக்கல் இல்லை. சாப்பாடு முழுவதையும் இதனாலேயே சாப்பிட நினைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு முதல் ஜோடியாக இது சரிப்படாது.

மூன்றாவதுதான் நான் இன்றும் வைத்திருப்பது. பூச்சே இல்லாத மூங்கில், சீன வகை, சுமார் 25 செ.மீ. நீளம், மேல்பாதி சதுரம், கீழ்ப்பாதி உருண்டை, நுனி மழுங்கல். மேலே சதுரமாக இருப்பதால் மேசையில் உருளாது, விரலிலும் திரும்பாது. மூங்கிலின் சொரசொரப்பு உணவைப் பிடித்துக்கொள்ளும். கனமே தெரியாது. குறை என்று சொன்னால் பராமரிப்பு. கழுவியதும் துடைத்து, நுனி மேலே இருக்கும்படி நிறுத்திக் காயவைக்க வேண்டும், ஈரத்தோடு மூடிய டப்பாவில் போட்டால் கறுத்துவிடும், வாடையும் வரும். விரிசல் விட்டாலோ புள்ளி விழுந்தாலோ மாற்றிவிட வேண்டும். நான் நான்கு மாதத்தில் ஒரு ஜோடி மாற்றினேன்.

பிளாஸ்டிக் வளையம் போட்ட, மேலே இரண்டும் இணைந்திருக்கும் பழகு குச்சிகளும் கிடைக்கின்றன. வேண்டாம் என்பதே என் கருத்து. அது இடுக்கி மாதிரி வேலை செய்வதால் முதல் நாளே வேகமாகச் சாப்பிட வரும், நாம் எதற்காக வாங்கினோமோ அது நடக்காது.

பிடிக்கும் முறையை ஒருமுறை சரியாகத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கீழ்க்குச்சி அசையவே கூடாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் பள்ளத்தில் அதன் அடிப்பக்கத்தை வைத்து, முன்பக்கத்தை மோதிர விரலின் பக்கவாட்டில் சாய்த்துவிட வேண்டும். மேல்குச்சியை பென்சில் பிடிக்கிற மாதிரி கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பிடித்து அதை மட்டும் ஏற்றி இறக்க வேண்டும். நான் முதல் மூன்று நாள் இரண்டையும் சேர்த்து அசைத்துக்கொண்டிருந்தேன், நுனிகள் குறுக்கே போய் எக்ஸ் மாதிரி நிற்கும், ஒன்றும் எடுபடாது. நாலாம் நாள் கீழ்க்குச்சியை மோதிர விரலில் அழுத்தி நிறுத்தியபோது ஒரு வேர்க்கடலை வந்தது. நழுவவில்லை. நுனிகள் இரண்டும் அதன் இரண்டு பக்கமும் சரியாக உட்கார்ந்திருந்தன, அதன் தோல் சுருக்கம்கூடக் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு வேர்க்கடலையை அவ்வளவு நேரம் பார்த்து, மென்று, அதன் ருசி முழுவதும் இறங்கிய பிறகு அடுத்ததை எடுத்தது அன்றுதான். வழக்கமாக ஒரு கைப்பிடியாக வாயில் போடுகிறவன் நான்.

இந்த ருசி விஷயம் என் கற்பனை இல்லை. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் பாப்கார்னைக் கையால் சாப்பிட்டவர்களைவிட சாப்ஸ்டிக்கால் சாப்பிட்டவர்கள் அதிகம் ரசித்ததாகச் சொன்னார்கள். பழக்கமில்லாத வழியில் சாப்பிடும்போது கவனம் உணவின் மேல் போகிறது, அதுதான் காரணம். எடையைக் குறைக்கிறேன் என்று கிளம்பினால் சாப்பாட்டின் மேலேயே வெறுப்பு வந்துவிடும் பலருக்கு, எனக்கு முன்பு வந்திருக்கிறது. இதில் அது வரவில்லை, குறைவாகச் சாப்பிட்டும் நிறைவாக இருந்தது. இந்தப் பழக்கத்தில் எனக்கு மிகப் பிடித்தது இதுவே.

எதைச் சாப்பிட வருகிறது என்பதும் முக்கியம். வெட்டிய காய்கள், சாலட், முட்டை, நூடுல்ஸ், பனீர் மாதிரி துண்டாக இருப்பவை எல்லாம் இரண்டு வாரத்தில் வந்துவிடும். சோறுதான் அரிசியைப் பொறுத்தது. குட்டையான ஜப்பானிய அரிசியில் அமைலோபெக்டின் என்ற ஒட்டும் மாவுச்சத்து அதிகம், வெந்ததும் ஒட்டிக்கொள்ளும், குச்சியால் கட்டியாக எடுக்கலாம். நீள அரிசியோ உதிரி உதிரியாக நிற்கும், நாலு பருக்கை எடுத்தால் இரண்டு விழும். எனக்கு அந்த உதிரிச் சோறுதான் அதிகம் உதவியது, அதற்கு மேல் வேகமாகச் சாப்பிட வழியே இல்லை. குழம்பாக, நீர்த்ததாக இருப்பதற்கு இது ஒத்துவராது, பிடிவாதம் பிடிக்காமல் கரண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நான் திடமானதைக் குச்சியால் முதலில் முடித்துவிட்டு, நீர்த்ததைக் கடைசியில் கரண்டியால் சாப்பிட்டேன். அதற்குள் பதினைந்து நிமிடம் ஓடியிருக்கும், பசி அடங்கியிருக்கும், கரண்டியின் வேகம் கெடுதல் செய்யாது.

முதல் வாரம் ஒரு வேளைச் சாப்பாடு 26 நிமிடம் வரை இழுத்தது. பாதியில் சாப்பாடு ஆறிவிடும், மேசையில் மற்றவர்கள் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், சில நாள் எரிச்சல் வந்து பாதியில் நிறுத்தியிருக்கிறேன். இரண்டாவது மூன்றாவது வாரம் 20 நிமிடத்தில் நின்றது. மறுபடி போட்டுக்கொள்கிற பழக்கம் அப்போதுதான் போனது. போட்டுக்கொள்ளக் கூடாது என்று நான் எதையும் தீர்மானிக்கவில்லை, தட்டு காலியாகும்போது வயிறு போதும் என்று சொல்லிவிட்டிருந்தது, அவ்வளவுதான். ஜப்பானின் ஒக்கினாவாவில் ஹரா ஹச்சி பு என்று சொல்வார்கள், வயிறு பத்தில் எட்டுப் பங்கு நிறைந்ததும் நிறுத்துவது. அந்த எட்டாவது பங்கு எது என்று எனக்கு முன்பு புரிந்ததே இல்லை, கரண்டி வேகத்தில் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறேன்.

ஆனால் ஐந்தாவது வாரத்தில் ஒன்று நடந்தது, இதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கை பழகிவிட்டது. நேரம் வைத்துப் பார்த்தால் 12 நிமிடம். குச்சி அதேதான், சாப்பாடு அதேதான், கிண்ணத்தை வாய்க்கருகே தூக்கிப் பிடித்துக் குச்சியால் தள்ளிவிடவும் தொடங்கியிருந்தேன், ஒருநாள் தற்செயலாகக் கண்ணாடியில் என்னைப் பார்த்தபோதுதான் கவனித்தேன். எடையும் அந்த இரண்டு வாரம் அசையவில்லை. யோசித்துப் பார்த்தால் இது நடந்தே தீரும். பிறந்ததிலிருந்து சாப்ஸ்டிக்கால் சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் மெதுவாகவா சாப்பிடுகிறார்கள்? ஜப்பானில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து 2008-இல் வெளியான ஆய்வில், வேகமாகவும் வயிறு முட்டவும் சாப்பிடும் இரண்டு பழக்கமும் உள்ளவர்களுக்கு, இரண்டும் இல்லாதவர்களைவிட அதிக எடை இருக்கும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு என்று வந்தது. காலங்காலமாகச் சாப்ஸ்டிக்கால் சாப்பிடுகிற மண்ணிலேயே இந்த நிலை என்றால், நம்மை மெதுவாக்கியது குச்சி இல்லை, நம் கையின் பழக்கமின்மைதான். அது ஒரு மாதச் சரக்கு.

அப்புறம் நான் கண்டுபிடித்தது, வெறும் ஒரு சின்னத் தாங்கி. குச்சியின் நுனி மேசையில் படாமல் இருக்க அதன் அடியில் வைக்கிற பீங்கான் துண்டு, ஜப்பானிய மொழியில் ஹஷிஓகி என்பார்கள், சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். மூங்கில் ஜோடியோடு இலவசமாக வந்தது, ஒரு மாதம் பெட்டியிலேயே கிடந்தது. ஆறாவது வாரத்திலிருந்து ஒரு விதி வைத்தேன்: ஒரு வாய் எடுத்ததும் இரண்டு குச்சியையும் தாங்கியில் வைத்துவிட வேண்டும், வாய் காலியான பிறகுதான் மறுபடி எடுக்க வேண்டும். கரண்டியில் இதே விதியை முன்பு முயன்று தோற்றிருக்கிறேன், கரண்டியைத் தட்டில் சாய்த்தால் கை அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சாப்ஸ்டிக்கில் அப்படி முடியாது. இரண்டு குச்சியையும் சேர்த்துத் தாங்கியில் படுக்க வைத்து, மறுபடி எடுத்து, கீழ்க்குச்சியைப் பள்ளத்தில் உட்கார வைத்து, மேல்குச்சியைச் சரிசெய்து, நுனிகளை ஒன்றாக்க வேண்டும். எவ்வளவு பழகினாலும் இதற்கு நாலைந்து நொடி வேண்டும். அந்த நாலைந்து நொடியில் மென்று முடிக்கலாம், எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்கலாம், இன்னும் பசிக்கிறதா என்று வயிற்றைக் கேட்கலாம். நேரம் மறுபடி 20 நிமிடத்துக்கு வந்தது, அதன் பிறகு இறங்கவே இல்லை.

அதனால் வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, தாங்கி இல்லாமல் வாங்காதீர்கள். தனியாக வாங்க வேண்டியதில்லை, கூழாங்கல் ஒன்றைக் கழுவி வைத்துக்கொண்டாலும் வேலை நடக்கும். குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தாதீர்கள், சீனாவிலும் ஜப்பானிலும் அது இறந்தவருக்குப் படைப்பதோடு தொடர்புடையது, அந்த நாட்டுக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடும்போது மனம் சங்கடப்படும். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவைக் கைமாற்றுவதும் அப்படித்தான், ஜப்பானில் தகனத்துக்குப் பிறகு எலும்புகளை எடுக்கும் முறை அது. அவர்களுடைய பொருளை நம் தேவைக்கு எடுத்துக்கொள்கிறோம், இந்த மரியாதையையும் சேர்த்தே எடுத்துக்கொள்வது நல்லது.

எடைக் கணக்கு: தொடங்கும்போது 82.4 கிலோ, இன்று காலை 79.1. உடற்பயிற்சி எதையும் கூட்டவில்லை, என்ன சாப்பிடுகிறேன் என்பதையும் மாற்றவில்லை. நான்கு மாதத்தில் மூன்று கிலோ சொச்சம் என்பது பத்திய உணவுக்காரர்கள் சொல்கிற எண் இல்லை. ஆனால் பசியோடு ஒரு நாளும் படுக்கவில்லை. சாப்பிட்டதும் வரும் நெஞ்செரிச்சலும் வயிற்று உப்புசமும் ஏறக்குறைய போய்விட்டன, சொல்லப்போனால் எடையைவிட அதுதான் எனக்கு நிம்மதி. இரவில் வாரத்துக்கு நாலு நாளாவது புளித்த ஏப்பத்தோடு விழித்துக்கொள்வேன், இப்போது அது எப்போதாவதுதான்.

இது எல்லோருக்கும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விரல் மூட்டு வலி உள்ளவர்கள் யோசித்துச் செய்யுங்கள். பெய்ஜிங்கில் முதியவர்களை வைத்து 2004-இல் வெளியான ஆய்வில், குச்சி பிடிக்கும் கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூட்டுத் தேய்மானத்துக்கும் சாப்ஸ்டிக் பயன்பாட்டுக்கும் தொடர்பு தெரிந்தது. நான்கு மாதத்தில் அப்படி எதுவும் வராது, ஆனால் ஏற்கெனவே வலி இருந்தால் அதைக் கூட்ட வேண்டாம். சாப்பாட்டையே பயந்து பார்க்கும் நிலையில் இருந்தவர்கள், குறைத்துக் குறைத்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட அனுபவம் உள்ளவர்கள், தயவுசெய்து இதைத் தனியாகத் தொடங்காதீர்கள். உணவுக்கு முன் இன்சுலின் போடுகிறவர்கள் சாப்பிடும் நேரம் நீளும் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். அப்புறம் அரை மணி நேர இடைவேளையில் சாப்பிட்டு ஓட வேண்டிய வேலையில் இருப்பவர்கள் மூன்று வேளையும் முயல வேண்டாம், நானும் இரவுச் சாப்பாட்டில் மட்டும்தான் தொடங்கினேன், இரண்டு வாரம் கழித்து மதியத்தையும் சேர்த்தேன். காலைச் சாப்பாடு இன்றும் கரண்டிதான்.

மதிப்பெண் போடச் சொன்னால் மூங்கில் ஜோடிக்கு ஐந்தில் நாலரை, பராமரிப்புக்காக அரை குறைக்கிறேன். ஸ்டீலுக்கு மூன்று, நன்றாகப் பழகிய பிறகு வாங்கினால் நாலு. அரக்குப் பூச்சுக்கு ஒன்று, நான் வாங்கிய அந்த ஜோடிக்கு மட்டும், நல்ல தரத்தில் இருப்பது வேறாக இருக்கலாம். அந்தப் பீங்கான் தாங்கிக்கு ஐந்து. வெளியே போகும்போதும் சின்னத் துணிப்பையில் குச்சியோடு சேர்த்து அதையும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன். போன வாரம் அது கைதவறி விழுந்து ஓரத்தில் கொஞ்சம் சில்லு பெயர்ந்துவிட்டது, பெயர்ந்த பக்கத்தைக் கீழே திருப்பி வைத்து அன்றிரவும் அதில்தான் குச்சியை வைத்துச் சாப்பிட்டேன்.